மொட்டைப் பாறையில் கேட்ட வாழ்த்து

மழை இதோ வந்துவிட்டேன் என்று உறுமிக்கொண்டிருந்த ஒரு காட்டில், செம்பி என்ற முயல் தன் மேட்டு நிலத்தைக் கொத்தி முடித்துவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மண் தயார். மழையும் தயார். விதை மட்டும் இல்லை! இன்றோ நாளையோ விதைக்காவிட்டால், அதன் குட்டிகளுக்கு இந்த ஆண்டு தினை ஏது குழந்தைகளே?

அந்தக் காட்டில் பயிர் செய்கிறவர்களுக்கெல்லாம் அரசர் யானையார் ஆண்டுதோறும் தம் களஞ்சியத்திலிருந்து விதை கொடுப்பார். வாங்குகிறவர் பெயரை மைனா கிளையில் உட்கார்ந்து காடே கேட்கக் கூவும். இந்த ஆண்டு புதிதாக அமைச்சரான நரி, மைனாவின் வாயை அடைத்துவிட்டது.

"சும்மா வாங்குகிறவர்கள் மனம் கூசாதா? கமுக்கமாகக் கொடுப்பதுதான் மரியாதை!" என்றது.

செம்பி போய்க் கேட்டபோது, "எல்லாம் கொடுத்தாயிற்று, போ போ" என்று விரட்டியது.

"யாருக்குக் கொடுத்தீர்கள், அமைச்சரே?"

"அது ரகசியம்!"

செம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் பக்கத்து நிலத்துக் காட்டுப்பன்றியிடம் ஓடியது.

"அண்ணே, என் பங்கையும் சேர்த்து வாங்கிட்டீங்களா?"

"நானா? நீதான் என் பங்கை வாங்கிட்டேன்னு நான் உன்கூடப் பேசாம இருக்கேன்!"

இரண்டும் திருதிருவென்று விழித்தன. மானிடம் கேட்டால், மானுக்கும் இல்லை. அப்படியானால் விதை எங்கே போயிற்று? செம்பியின் காதுகள் விறைத்து நின்றன. ஒரே ஓட்டமாக அரசவைக்குப் போயிற்று.

"அரசே! இவ்வளவு விதை அள்ளிக் கொடுத்தீர்களே, ஒருவராவது உங்களை வாழ்த்தினார்களா? வாங்கியவர்கள் நாளைக் காலை அவரவர் வயலில் நின்று வாழ்த்தட்டும். நீங்கள் பவனி வந்து கேளுங்கள்!"

வாழ்த்து என்றதும் யானையாரின் காதுகள் படபடவென்று ஆடின.

"வேண்டாம் அரசே, பாவம், கூச்சப்படுவார்கள்..." என்று நரி மென்று விழுங்கியது.

"என்னை வாழ்த்த என்ன கூச்சம்? வாழ்த்தாதவர் விதையைத் திருப்பித் தரட்டும்!"

மறுநாள் பவனி கிளம்பியது. காடே பின்னால் திரண்டு வந்தது. உழுத வயலில் நின்ற பன்றி வாயைத் திறக்கவில்லை. மானும் திறக்கவில்லை. அரசரின் முகம் தொங்கிப்போனது. அப்போது பார்த்து, மொட்டைப் பாறை மேலிருந்து ஒரு குரல்!

"அரசர் வாழ்க!"

நரியின் மைத்துனன் ஓநாய்தான். வயலே இல்லாதவன் வேறு எங்கே போய் நிற்பான்?

"இங்கே என்னடா செய்கிறாய்?"

"இதுதான்... என் வயல், அரசே."

புல்கூட முளைக்காத பாறை அது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அரசர் வாழ்க!" என்று குளத்தின் நடுவிலிருந்து இன்னொரு குரல். நரியின் கூட்டாளி முதலை!

"நீ என்ன விதைத்தாய்?"

"மீன்... மீன் விதைத்திருக்கிறேன், அரசே!"

யானையார் பிளிறிய பிளிறலில் முதலை, "பாதி எங்களுக்கு, பாதி அமைச்சருக்கு! மூட்டையெல்லாம் அவர் குகையில்தான்!" என்று உளறிக்கொட்டியது. நரி மெல்ல நழுவப் பார்த்தது. பன்றி வழியை மறித்துக்கொண்டு நின்றது.

மூட்டைகள் வெட்டவெளிக்கு வந்தன. மைனா கிளையேறித் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"செம்பி! ஓடைக்கரை மேட்டு நிலம்! ஒரு கூடை தினை!"

காடே கேட்டது. செம்பிக்குக் கூச்சமா? ஒரு துள்ளுத் துள்ளி, "இருக்கேன், இருக்கேன்!" என்று கூவிக்கொண்டு முன்னால் ஓடியது. அது கூடையோடு தன் நிலத்தை எட்டவும், முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது.

நீதி: எல்லாருக்கும் உரியதை யார் பெற்றார் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும்.