பெருக்கலா, வகுத்தலா?

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா, கண்ணு. பேரு பூமயிலு. ஏழாங்கிளாஸ். வாய்ப்பாடுன்னா சடசடன்னு மழையாக் கொட்டுவா. ஆனா கணக்கை வாக்கியமாக் குடுத்தா முழிப்பா. எதுக்குப் பெருக்கணும், எதுக்கு வகுக்கணும்னு தெரியாது. யாரும் சொல்லித்தரல, அவளும் கேக்கல. ம் சொல்றியா? ம்.

அப்போ ஒருநாள் டீச்சர் கேட்டாங்க. "பன்னெண்டு மீட்டர் கயிறு. மூணு மூணு மீட்டரா வெட்டினா எத்தன துண்டு?" பூமயிலு பக்கத்துல இருந்த ரெஜினாவக் கிள்ளி, "ஏய், பெருக்கலா, வகுத்தலா?"ன்னா.

"வகுத்தல்டி."

"நாலு டீச்சர்!"

டீச்சரும் வெரிகுட்னுட்டாங்க. தப்பிச்சா.

அப்புறம் பரீட்சை வந்துச்சு. ரெஜினா வேற ரூம்ல. நானூறு பேரு டூர் போறாங்க, ஒரு பஸ்ல அம்பது பேரு, எத்தன பஸ் வேணும்? இவ பெருக்கிட்டா. இருபதாயிரம் பஸ்! பேப்பர் குடுக்கறப்போ டீச்சர் அத சத்தமா படிச்சாங்க. கிளாஸே கொல்லுன்னு சிரிச்சுது. பூமயிலும் கூடச் சேந்து சிரிச்சா. ஏன் தப்புன்னு மட்டும் தெரியல.

அப்புறம் ஒரு லீவு நாளு. அவ அப்பா சடையன் டவுனுக்குக் கிளம்புறாரு. வீட்டுல வெள்ளச்சின்னு ஒரு ஆடு, குட்டி போட்டுப் பத்து நாளுதான்.

"தாயி, வெள்ளச்சிக்கு வயித்துப்பூச்சி மருந்து குடுத்துரு. மூணு கிலோவுக்கு ஒரு மில்லின்னாரு டாக்டர். இது இருபத்துநாலு கிலோ. நீ படிச்ச புள்ள, கணக்குப் போட்டுக் குடு."

போயிட்டாரு. கேக்க ஆளில்ல. இருபத்துநாலு, மூணு... டக்குனு வந்துருச்சு, எழுபத்திரண்டு! சிரிஞ்சுல உறிஞ்சி உறிஞ்சி ஊத்துனா. ஆடு தலைய ஆட்டுது, தும்முது. இவ்வளவான்னு ஒரு நிமிஷம் நின்னா. மூணு இருபத்துநாலு எழுபத்திரண்டுதானே, வாய்ப்பாடு தப்பாதேன்னு மறுபடி ஊத்துனா.

ம்... முழிச்சிருக்கியா?

மத்தியானம் வெள்ளச்சி பொத்துன்னு விழுந்துருச்சு. வாயில நுரை. காலு தட்டு தட்டுன்னு தரையில அடிச்சுது. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு.

அப்பா வந்தப்போ குட்டி செத்த தாயோட மடிய முட்டிக்கிட்டு இருக்கு. அவரு மருந்து பாட்டிலத் தூக்கிப் பாத்தாரு.

"எவ்வளவு தாயி ஊத்துன?"

"எழுபத்திரண்டுப்பா. சரியாத்தான் பெருக்குனேன்."

"ஏன் பெருக்குன?"

அவ சிரிஞ்சத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"எட்டு மில்லி தாயி. எட்டே எட்டு." அவ்வளவுதான் சொன்னாரு. திட்டல, அடிக்கல. மம்பட்டிய எடுத்துக்கிட்டுக் குழி வெட்டப் போயிட்டாரு. தங் தங்குன்னு மண்ணு வெட்டுற சத்தம். திட்டியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு அவளுக்கு.

மறுநாள் குட்டியத் தூக்கிட்டுப் பக்கத்து வீட்டு ஆட்டுகிட்ட விட்டா. அது எட்டி உதைச்சுது. அப்புறம் பாட்டில்ல பால் ஊத்திக் குடுத்தா. மொதல்ல மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அப்புறம் சப்பு சப்புன்னு குடிச்சுது.

பொழச்சுதான்னு கேக்குறியா? பொழச்சுது. அன்னியிலேருந்து அவ எங்க போனாலும் மே... மேன்னு பின்னாலயே ஓடும். உக்காந்தா மடிய முட்டும். பூமயிலுக்குக் கண்ணு பொலபொலன்னு கொட்டும். அந்தக் குட்டி அவளத்தான் அம்மான்னு நெனச்சுக்கிச்சு, பாவம்.

கதை இத்தோட படுத்துருச்சு. நீயும் படு, கண்ணு.