இரண்டு மணி முதல் நான்கு மணி வரை

குருவுக்கு நாற்பத்தேழு வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. இப்படித் தலைகீழாகவும் நடக்கும்.

சீடர் அய்யலுசாமி கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் வருடக்கணக்காகப் பாடம் நடத்திவிட்டு, ஆராய்ச்சிக்குத் தாமதமாக வந்தவர். குரு கமலாசனி யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த நாட்களிலும் படிப்பை விடாதவர். ஆகவே முந்திக்கொண்டார்.

இருவரும் வேலை செய்த ஆராய்ச்சி மையம் ஐரோப்பாவின் தெற்கே, ஒரு துறைமுக நகரத்துக் குன்றின் மேல் இருந்தது. பல நாடுகள் சேர்ந்து, வசதி குறைந்த நாட்டு விஞ்ஞானிகளுக்காகவே நடத்தும் மையம். வருடத்தில் மூன்று மாதம் வந்து தங்கலாம். நல்ல கருவிகளில் வேலை செய்யலாம். பிறகு ஊருக்குப் போய்விட்டு அடுத்த வருடமும் வரலாம். அப்படி வந்த அய்யலுசாமி, மையத்திலேயே வேலை கிடைத்துப் பன்னிரண்டு வருடமாக இருக்கிறார். இப்போது வருகிற விண்ணப்பங்களை வடிகட்டுவதும் அவர்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

திங்கட்கிழமை காலை ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கமலாசனியின் மேஜையில் போட்டார்.

"மேடம், ஒரே ஒரு இடம்தான் பாக்கி இருக்கு. இதத் தள்ளிரலாம்னு எழுதப்போறேன்."

"ஆற்றை?" யாருடையது என்பதைக் கமலாசனி அப்படித்தான் கேட்பார்.

"மலாவியிலேர்ந்து ஒரு அம்மா. தொகோசானி ஃபிரி. சோளக் கூழு புளிக்குறதுல வர்ற நுண்ணுயிர்தான் ஆராய்ச்சி. நம்ம இட்லி மாவு மாதிரி. விஷயம் நல்ல விஷயம். ஆனா கிராஃபப் பாருங்க. தினம் மத்தியானம் கோடு அந்துபோகுது. நாப்பது நாளும் ஓட்ட ஓட்டையா கிடக்கு."

"வயசு?"

"நாப்பத்தி நாலு."

கமலாசனி நிமிர்ந்தார். நாற்பத்தைந்துக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது என்பது மையத்தின் விதி. இந்த முறை இல்லையென்றால் அந்த அம்மாளுக்கு எந்த முறையும் இல்லை.

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு" என்றார் அய்யலுசாமி. "ஆனா, ஒழுங்கா ஒரு கோடு வரையத் தெரியாதவங்கள எப்படி மேடம் எடுக்கிறது? நீங்களே சொல்லுங்க."

கமலாசனி வரைபடத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தக் கிழமை உங்கட பெட்டியில என்ன ஓடுது?"

"இந்த வாரம் சும்மா ஒரு ஒத்திகைதான் மேடம். மாவுக் கரைசல். எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

பெட்டி என்று அவர் சொன்னது, கரைசலை ஒரே சூட்டில் வைத்திருந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வளர்ச்சியை அளந்து புள்ளி வைக்கும் கருவியை. அய்யலுசாமிக்கு அது பிள்ளை மாதிரி. தினமும் காலையில் பழைய கரைசலில் ஒரு கரண்டி எடுத்துப் புதியதில் விடுவார். மாவுக்கு உறை ஊற்றுவது போலத்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கமலாசனி அவருடைய ஆய்வறைக்குள் வந்தார். நேராகச் சுவரோரம் போய், பெட்டிக்குப் போகும் சுவிட்சை அணைத்தார்.

"மேடம்! உள்ள உயிர் இருக்கு!"

"ஓம். தெரியும்."

"எதுக்கு அணைச்சீங்க?"

"நேற்று ஒரு கேள்வி கேட்டனீங்களெல்லோ."

சுவிட்சுக்கு முன்னால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த புத்தகத்தை விரித்தார். நான்கு மணிக்குப் புத்தகத்தை மூடினார், சுவிட்சைப் போட்டார், போய்விட்டார். அய்யலுசாமிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. குருவிடம் காட்ட முடியாத கோபத்தை ஒரு தேநீர்க் கோப்பையிடம் காட்டினார். அதன் காது உடைந்தது.

புதன்கிழமையும் கமலாசனி இரண்டு மணிக்கு வந்தார். வியாழக்கிழமையும் வந்தார். அன்று முக்காலியை அய்யலுசாமியே எடுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை அந்த மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய விஞ்ஞானியானாலும் நேற்று வந்தவரானாலும், அந்த வாரத்து வேலையை ஒரே ஒரு தாளாக நடைபாதைச் சுவரில் குத்திவிட்டு, தேநீரோடு பக்கத்தில் நிற்க வேண்டும். போகிறவர் வருகிறவர் கேள்வி கேட்பார்கள். வேலை சரியாக வரவில்லையென்றால் சரியாக வராததைத்தான் மாட்ட வேண்டும். தப்பிக்க வழியில்லை.

அய்யலுசாமி மாலை மூன்றரைக்கே தன் வரைபடத்தை மாட்டிவிட்டார். ஐந்து மணிக்குள் மலாவி விண்ணப்பத்தின் மேல் முடிவு எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கோப்பு அவர் கக்கத்தில் இருந்தது. வரைபடம் அழகாக வந்திருந்தது. மூன்று நாள் கோடும் வாய்க்கால் தண்ணீர் போல வழுவழுவென்று ஓடியது.

கமலாசனி வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாயிருக்கு" என்றார்.

"தேங்க்ஸ் மேடம்."

"செவ்வாய் ரெண்டு மணிக்கு நான் பெட்டியை நிப்பாட்டினன். புதனும் நிப்பாட்டினன். வியாழனும் நிப்பாட்டினன். ஒரு நாளைக்குப் பன்ரெண்டு புள்ளி. மூண்டு நாளைக்கு முப்பத்தாறு புள்ளி. இஞ்ச எல்லாப் புள்ளியும் கிடக்குது. ஆர் வைச்சது?"

அய்யலுசாமி தன் வரைபடத்தை அப்போதுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார். சத்தியமாக அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருக்கவில்லை. முந்தின புள்ளியையும் பிந்தின புள்ளியையும் வைத்து நடுவில் இருப்பதை நிரப்புவது, கை தானாகச் செய்கிற வேலை. சட்டைப் பொத்தான் போடுவதை யாராவது யோசித்துச் செய்கிறார்களா?

"நான்தான் மேடம்" என்றார்.

"எங்க பழகினது?"

"எங்க காலேஜ்லதான். தினம் ரெண்டு மணிக்குக் கரண்ட் போயிரும். நாலு மணிக்குத்தான் வரும். ஓட்டைக் கிராஃபோட வெளியூருக்கு அனுப்புனா எவன் மதிப்பான்? கரண்ட் இல்லாத ஊருக்காரன்னு காட்டிக்கொடுத்துருமே. அதான் நிரப்புனேன். ஏழு வருஷம் நிரப்புனேன் மேடம். என் ஆய்வேட்டுல ஒரு ஓட்டை கிடையாது."

சொல்லச் சொல்ல அவருக்கு முகம் சிவந்தது. வெட்கம்தான். அந்த அம்மாளின் வரைபடத்தைப் பார்த்ததும் அது மின்வெட்டு என்று அவருக்கல்லவா முதலில் பிடிபட்டிருக்க வேண்டும்? இரண்டு மணி, நான்கு மணி என்று நேரம்கூட ஒன்றுதான். பன்னிரண்டு வருடம் விளக்கு அணையாத ஊரில் இருந்ததில் அது மறந்தே போயிருந்தது.

கமலாசனி கையை நீட்டினார். அய்யலுசாமி கக்கத்திலிருந்த கோப்பைக் கொடுத்தார். அதிலிருந்து கமலாசனி மலாவி வரைபடத்தை உருவி, அய்யலுசாமியுடையதற்குப் பக்கத்தில் குத்தினார்.

"வாசியுங்கோ."

ஒவ்வொரு இடைவெளியின் கீழும் பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. திங்கட்கிழமை அவர் அதைக் கிறுக்கல் என்று தாண்டிப் போயிருந்தார். இப்போது வாசித்தார். மின்சாரம் இல்லை, இரண்டு பத்து முதல் நான்கு ஐந்து வரை, அறையின் சூடு இருபத்து நான்கு. மறுநாளும் அப்படியே. நாற்பது நாளும் அப்படியே. ஒரு நாளைக்கூட அந்த அம்மாள் மறைக்கவில்லை.

"இனி ஓட்டையைப் பாக்காதேங்கோ. ஓட்டை முடிஞ்சாப் பிறகு என்ன நடக்குது எண்டு பாருங்கோ."

விரலை வைத்துப் பார்த்தார் அய்யலுசாமி. முதல் நாள், மின்சாரம் வந்த பிறகு நுண்ணுயிர் மறுபடி வளரத் தொடங்க எழுபது நிமிடம் எடுத்திருந்தது. பத்தாம் நாள் ஐம்பது. இருபத்தைந்தாம் நாள் முப்பது. நாற்பதாம் நாள், பத்தே நிமிடத்தில் எழுந்துவிட்டது.

"பழகிருச்சு" என்றார். "குளிருக்குப் பழகிருச்சு மேடம். கரண்ட் போற ஊர்ல வளர்ற கிருமி, கரண்ட் போறதுக்கே பழகிருச்சு."

கமலாசனி பையிலிருந்து மூன்றாவது தாள் ஒன்றை எடுத்தார். அய்யலுசாமியின் பெட்டி தனக்குள் பதிந்து வைத்திருந்த கணக்கு, யாரும் நிரப்பாதது. மறுபடி வளரத் தொடங்கச் செவ்வாய் அறுபது நிமிடம். புதன் ஐம்பது. வியாழன் ஐம்பது.

அவருடைய வழுவழுப்பான கோட்டில் அது இல்லை. ஓட்டையை நிரப்பியபோது, அதற்குப் பின்னால் வந்த தடுமாற்றத்தையும் சேர்த்து இழைத்துவிட்டிருந்தார். இந்த வாரம் மட்டுமா? அந்த ஏழு வருடமும் இது அவர் கண்ணெதிரே நடந்திருக்கிறது.

"பழைய நோட்டுகள் கிடக்குதோ?" என்று கேட்டார் கமலாசனி.

"ஊர்ல பரண் மேல இருக்கும். நெஜமா அளந்தது எல்லாம் அதுலதான் இருக்கு."

"எடுப்பியுங்கோ. முதல்ல உங்கட ஆய்வேட்டைத் திருத்துங்கோ. அது உங்கட வேலை."

"செய்றேன் மேடம்."

மணி நான்கே முக்கால். அய்யலுசாமி விண்ணப்பக் கோப்பைத் திரும்ப வாங்கி, சுவரில் வைத்தபடியே 'தேர்வு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. வழக்கமான உற்சாகமும் கூடவே வந்தது.

"வரட்டும் மேடம். ராணி மாதிரி வச்சுக்கலாம். புதுப் பெட்டியையே குடுத்துரலாம். இங்கதான் ஒரு நிமிஷம்கூடக் கரண்ட் போகாதே. அவங்களுக்கு மொதல்ல என்ன கத்துக்குடுக்கலாம், சொல்லுங்க."

கமலாசனி ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார்.

"அந்த சுவிட்ச் எங்க இருக்கெண்டு காட்டுங்கோ" என்றார். "மிச்சத்தை அவ உங்களுக்குக் காட்டுவா."