கண்ணீரைக் கொடுத்த நகரம்

முன்னொரு காலத்திலே, கடல்களுக்கு அப்பால், பனி கொட்டுகிற வடதேசத்திலே, ஆல்டன்வால் என்று மதில் சூழ்ந்த ஒரு நகரம் இருந்தது. அந்த வருஷம் அங்கே கொள்ளைநோய் புகுந்திருந்தது. காலையில் கஞ்சி குடித்தவன் சாயங்காலம் இருக்க மாட்டான்.

மதிலுக்கு வெளியே ஒரு குடிசையில் சவக்குழி வெட்டும் கோன்ராடும் அவர் மகள் ஹெட்விக்கும் இருந்தார்கள். பிணம் புதைக்கிறவர்கள் ஊருக்குள் குடியிருக்கக் கூடாது என்பது அந்த நகரத்துச் சட்டம். அப்பா வண்டியோடு உள்ளே போய்ப் பிணங்களை ஏற்றி வருவார்; மகள் குழி வெட்டுவாள். பெற்ற தாயையும் அவள்தான் புதைத்தாள்.

ஒரு நாள் சாம்பல் நிற அங்கி போட்ட மந்திரவாதி ஒருவன் நகரச் சந்தையில் வந்து நின்றான். நோயை நான் விரட்டுகிறேன், கூலியாக இந்த மதிலுக்குள் இருக்கிற எல்லாருடைய கண்ணீரும் வேண்டும் என்றான். அழுது அழுது ஓய்ந்துபோன ஜனங்கள், போனால் போகட்டும் என்று தலையாட்டிவிட்டார்கள். அவன் ஒரு கண்ணாடிக் குடுவையைத் திறந்து மூடினான். அன்றைக்கே நோய் நின்றது.

ஆனால் அழாத துக்கம் எங்கே போகும், சொல்லுங்கள். உள்ளேயே உறைந்தது. முதலில் கால் கல்லானது. பிறகு கை கல்லானது. பிறகு நெஞ்சும் கல்லானது. ரொட்டிக்காரி அடுப்புக்கு முன்னாலேயே சிலையாக நின்றாள். மந்திரவாதி வந்த அன்று வண்டியோடு உள்ளே போயிருந்த கோன்ராடுக்கும் முழங்கால் வரை கல் ஏறிவிட்டது.

"உங்கம்மாவை நினைச்சா இங்கே அடைக்குது. அழ வரலே, கண்ணு," என்று தேடி வந்த மகளிடம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

ஹெட்விக் மலைமேல் இருந்த மந்திரவாதியின் கோபுரத்துக்கு ஏறினாள். கதவைத் தட்டி, காலில் விழுந்து கெஞ்சினாள். அவன் கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாளும் ஏறினாள். மண்வெட்டியை ஓங்கிக் குடுவை மேல் போட்டாள். மண்வெட்டிதான் முறிந்தது.

"எனக்காக ஒருத்தர் அழுதால்தான் அது உடையும்," என்றான் அவன். "மதிலுக்கு வெளியே இருந்த உன்னிடம்தான் கண்ணீர் மிச்சம் இருக்கிறதே. அழு, பார்க்கலாம்."

அவளுக்கு அவன்மேல் வெறுப்புதான் பொங்கியது. ஒரு சொட்டுகூட வரவில்லை.

மூன்றாம் நாள் அப்பாவுக்கு இரண்டு கையும் கல்லாகிவிட்டது. மறுபடியும் ஏறினாள். இந்தத் தடவை கெஞ்சவில்லை, அடிக்கவில்லை. அவன் எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

"நீங்க யாரைப் புதைச்சீங்க?"

அவன் குடுவையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என் மனைவி இல்சே. எங்கள் கைக்குழந்தை. குழி வெட்ட ஆள் வரவில்லை. நானே மண்ணைத் தள்ளினேன். அன்றைக்கு எனக்கு அழ வரவில்லை. ஒரு ஊரின் கண்ணீரையே எடுத்துவந்தும் வரவில்லை."

அம்மா முகத்தில் முதல் பிடி மண் விழுந்தது ஹெட்விக்குக்கு நினைவு வந்தது. இந்த மனிதனும் அந்த மண்ணைத் தள்ளியவன்தான். அவளை அறியாமல் கண்ணீர் உதிர்ந்து குடுவைமேல் விழுந்தது. குடுவை தூள் தூளானது.

மந்திரவாதி வாய்விட்டு அழுதான். பொழுது சாயும்வரை அழுது, அப்படியே உயிரை விட்டான். கோபுரத்துக்குப் பின்னால் இருந்த இல்சேயின் குழிக்குப் பக்கத்திலேயே, முறிந்த மண்வெட்டியால் குழி வெட்டி அவனைப் புதைத்துவிட்டு ஹெட்விக் கீழே இறங்கினாள்.

நகரத்தில் கல்லெல்லாம் கரைந்திருந்தது. நெஞ்சும் கல்லாகிப்போன பதினோரு பேர் மட்டும் திரும்பவில்லை. ரொட்டிக்காரியும் அதில் ஒருத்தி. நோயும் திரும்பி வரவில்லை. கோன்ராட் மதில் வாசலில் நின்று, மனைவி பேரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். நகரத் தலைவர் அந்தப் பழைய சட்டத்தை எல்லார் முன்னாலும் கிழித்துப் போட்டு, இருவரையும் உள்ளே வந்து குடியிருக்கும்படி கேட்டுக்கொண்டார்.

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஹெட்விக் தெருவில் நடந்தாள். வீட்டுக்கு வீடு அழுகைச் சத்தம் கேட்டது. அப்பாவின் கை சூடாக இருந்தது.