சேர்மன் வீட்டு டிவிக்கு வந்த கேடு

முன்னாள் சேர்மன் வேலாயுதசாமி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவி நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று பட்டென அணைந்துவிடும். இரண்டு மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்து, கோளாறே இல்லை என்று மாட்டிவிட்டுப் போனார்கள். பழி வேலைக்காரி பூவாத்தா மேல் விழுந்தது.

"ஈரத்துணியில தொடைச்சுத் தொடைச்சுக் கெடுத்துப்போட்டே. இன்னிக்கே சரி பண்ணு. இல்லீன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!" என்று சேர்மன் கத்தினார்.

ஆறு வருசமாக அந்தக் கூடத்தைப் பெருக்குகிறவள் அவள். டிவியோடு சேர்த்து அவரையும் பார்த்து வைத்திருந்தாள்.

"பண்ணிப்போடலாமுங்க. ஒரு ஸ்க்ரூ கழட்ட வேண்டாம். நீங்க மட்டும் 'நான்'னு சொல்லாம அரை மணி நேரம் உட்காருங்க."

"இதென்னடி மந்திரமா?" என்று சிரித்தபடி உட்கார்ந்தார். அவர் சம்சாரமும், வந்திருந்த சம்பந்தியும் வேடிக்கை பார்த்தார்கள். இருபது நிமிடமாகியும் டிவி அணையவில்லை.

சம்பந்திக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏனுங்க, உங்க ஊர்த் தண்ணித்தொட்டி யாரு கட்டினது?"

"யாரா? நான்!" என்று சேர்மன் நெஞ்சில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். டிவி அணைந்தது.

"டிவி நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள் பூவாத்தா. "வேற யாரும் தொடக்கூடாதுன்னு ரிமோட்டைச் சட்டைப்பையில வச்சிருக்கீங்க. 'நான்'னு சொல்லி நெஞ்சைத் தட்டுறப்பல்லாம் அதைத்தானுங்க அமுக்கறீங்க."

பையிலிருந்து தலை நீட்டிக்கொண்டிருந்த ரிமோட்டைச் சம்சாரம் உருவி எடுத்து டிவியைப் போட்டாள். "பூவாத்தா, நாளைக்கு வழக்கம்போல வந்துரு."

"நான் அப்பவே நெனச்சேன்..." என்று சேர்மன் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார். மூன்று பேரும் டிவியைத் திரும்பிப் பார்த்தார்கள். கை பாதியிலேயே இறங்கிவிட்டது.