பழைய கை

ஆறு வருஷம் கழித்து மறுபடி லாரி ஓட்ட வந்த நல்லுசாமிக்கு, நாமக்கல்லில் வாய்த்த குரு வேறு யாருமில்லை. ஒரு காலத்தில் அவருடைய வண்டியிலேயே கிளீனராக இருந்த பூபதிதான்.

மனைவி குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனதும், மகளைப் பார்த்துக்கொள்ள ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கரண்டியைப் பிடித்தவர் நல்லுசாமி. மகள் இப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவள் இல்லாத வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே பூபதி வேலை பார்க்கும் லாரிகளின் ஓனரம்மாவிடம் போய் நின்றார்.

"பூபதி சரின்னு சொன்னா வண்டி உங்களுக்குங்க. அவரு சொல்லாம நான் சாவி குடுக்க மாட்டேன்," என்று அந்த அம்மாள் முடித்துவிட்டார்.

பூபதியை ஏழு வருஷம் "டேய்" என்றே கூப்பிட்டுப் பழகிய வாய். இப்போது மரியாதை போடுவதா வேண்டாமா என்று அது திணறியது.

"ஆறு வருஷம் விட்டுட்டேன், பூபதி. பழைய கை எத்தன நாள்ல திரும்பும்... ங்க?"

பூபதி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"வண்டிய ரிவர்ஸ்ல குடோனுக்குள்ள விடுங்ணா. பாக்கலாம்."

குடோன் வாசலில் பத்து சக்கர லாரி நுழைந்தால் இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் மிஞ்சும். நல்லுசாமி கண்ணாடியை மட்டும் பார்த்து ஒரே மூச்சில் பின்னால் எடுத்தார். வண்டி நூல் பிடித்தாற்போல நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் விசில் அடித்தார்கள்.

"எப்படி?"

"நாளைக்கும் பாப்போங்ணா."

மறுநாளும் ஒரே மூச்சுதான். பதில் மாறவில்லை. மூன்றாம் நாள் இன்னும் வேகமாக எடுத்தார்.

"நாளைக்கும் பாப்போங்ணா."

கிளீனராக இருந்தபோது வாங்கிய திட்டுக்கெல்லாம் இப்போது பழி தீர்க்கிறானோ? நல்லுசாமிக்கு மனசு கசந்தது. வீட்டுக்குப் போய் ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டார்.

நான்காம் நாள் அவரிடம் பழைய வீறாப்பு இல்லை. ரிவர்ஸ் கியர் போட்டு, இரண்டு கண்ணாடியிலும் பார்த்தார். யாரும் இல்லை. ஆனாலும் பிரேக்கிலிருந்து கால் எழவில்லை.

வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போன பிறகு, கேஸை மூடினோமா என்று ஒரு அரிப்பு வருமே, அதுதான். "மூடியாச்சுப்பா," என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள். அப்படியும் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆள் அவர்.

கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக் போட்டு இறங்கினார். வண்டிக்குப் பின்னால் போனார். சக்கரத்தை ஒட்டி ஒரு சாக்கு கிடந்தது. அதைத் தூக்கி உதறினார். அடியில் வெறும் மண். சாக்கை ஓரமாகப் போட்டுவிட்டு, வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"என்னுங்ணா, வண்டிய நிறுத்துன எடம் மறந்துபோச்சா?" என்று ஒரு டிரைவர் கிண்டலடித்தார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நல்லுசாமி ஏறிப் பின்னால் எடுத்தார். கிண்டலில் கவனம் பிசகிவிட்டது. வண்டி நாலு விரல் அளவு கோணலாக நின்றது. எல்லாம் போச்சு என்று நினைத்தபடி இறங்கி வந்தார்.

பூபதி போனை எடுத்தார்.

"அம்மா, நாளைக்குப் பாலக்காடு போற முட்டை லோடு அண்ணனே எடுத்துட்டுப் போகட்டுங்க."

நல்லுசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கோணலா நிக்குதே, பூபதி. பின்னாடி ஒண்ணுமே இல்ல, அதுக்குப் போயி எறங்கி ஏறுனேன். பழைய கை இன்னும் வரலீங்களே."

பூபதி அவர் கையில் ஒரு டீயைக் கொடுத்தார்.

"பழைய கைய வெச்சுட்டு நான் என்னுங்ணா பண்றது? ஏழு வருஷம் உங்ககூட ஓடுனேன். ஒருநாளும் நீங்க எறங்கிப் பாத்ததில்லீங்களே."