நாச்சிமுத்துவின் பாஸ்வேர்டு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அதன் மேனேஜர் நாச்சிமுத்து, ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத ஆள். அவருக்குப் புது லேப்டாப் வந்தது. அதில் வைஃபை போடத் தெரிந்தது டீ கொண்டுவரும் மயிலாத்தாளுக்கு மட்டும்தான். மகளின் பள்ளிக்கூட லேப்டாப்பில் போட்டுப் பழகியவள்.

"வைஃபை வரணும். ஆனா பாஸ்வேர்டை நீ பார்க்கக் கூடாது. அது வெளிய போச்சு, உனக்கு இங்க வேலை இல்ல!"

"யாரால வெளிய போச்சோ அவங்களுக்கு வேலை இல்லன்னு சொல்லுங்க சார்."

"சரி, அப்படியே வச்சுக்க!"

மயிலாத்தாள் லேப்டாப்பில் வந்த வைஃபை பட்டியலில் கம்பெனிப் பெயரை அமுக்கினாள். பாஸ்வேர்டு கேட்டுக் கட்டம் வந்தது.

"நீங்களே அடிங்க சார். நான் சுவத்தப் பார்த்து நிக்கறேன்."

மேனேஜருக்கு ஒரு பழக்கம். கீபோர்டில் விரல் எழுத்தைத் தேடினால் வாயும் சேர்ந்து தேடும்.

"கே... எங்க போச்சு இந்தக் கே? ஆங்! அடுத்து யு..."

ஆபீஸே மூச்சுவிடாமல் கேட்டது. வைஃபை வந்தது.

மத்தியானத்துக்குள் எல்லார் போனிலும் ஆபீஸ் வைஃபை வந்துவிட்டது. நாச்சிமுத்து குதித்தார்.

"மயிலாத்தா! யார் சொன்னது?"

"நீங்கதானுங்க சார். ஒவ்வொரு எழுத்தாச் சொல்லித்தானுங்களே அடிச்சீங்க? இப்ப வேலை யாருக்குங்க இல்ல?"

ஆபீஸ் சிரித்தது. மேனேஜர் முகம் சிவந்தது.

"இப்பவே மாத்தறேன் பாரு!"

"மாத்துங்க சார்" என்று மயிலாத்தாள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினாள். "இந்தத் தடவை கொஞ்சம் சத்தமா அடிங்க. கட்டிங் செக்‌ஷனுக்குக் கேக்கலையாமா."