முதல் புள்ளி

மில் வாசலில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் காலையிலிருந்தே போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாடக்கண்ணுவையும் வரச்சொல்லி ஆள் வந்தது. அவர் போகவில்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு வந்து, துண்டை நாற்காலியில் எறிந்துவிட்டு நின்றார்.

துண்டறிக்கைகளை எழுத்துக்கூட்டியே படிப்பு ஏறிய மனிதர். மில் தொழிற்சங்க வேலை ஓய்ந்தபின், இயற்பியல் கற்க ஜெபக்கனி டீச்சரிடம் வந்து சேர்ந்தார். டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

"வாசலுக்குப் போகலையா அண்ணாச்சி?"

"எதுக்கு? கூப்பிட வந்தவனே, 'பெரியவரே, உங்க பேர் என்ன'ன்னு கேக்கான்."

டீச்சர் தேநீர் ஊற்றி அவர் பக்கம் வைத்தார்.

"இதே மில்லுல அந்தக் காலத்து வேலைநிறுத்தத்துல முதல் மிஷினை நிறுத்தின கை இது. போன வாரம் அதுக்கு விழா எடுத்தானுவ. மேடையில அன்னைக்குப் பிறக்காதவனுக்கெல்லாம் பொன்னாடை. நான் கீழ நின்னு கைதட்டிட்டு வந்தேன்."

"கோபமா?"

"வீட்டுல யாரு இருக்கா, கோபப்பட?"

தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்: "ஆரம்பிச்சவனுக்கு என்ன மிச்சம் டீச்சர்?"

டீச்சர் நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டார். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய படலமாகத் திரவப் படிகம். பக்கத்துத் திரையில் அது பெரிதாகத் தெரிந்தது.

"கால்குலேட்டர்ல எண் காட்டுதே, அந்தச் சாதிதான்" என்று மின்னழுத்தத்தை ஏற்றினார்.

முதலில் அசைவில்லை. பிறகு நேர்நேராக வரிகள் எழுந்தன. இன்னும் ஏற்றவும் வரிகள் குலைந்து உலைநீர் போலத் தளதளத்தன.

"கலகமா?"

"முணுமுணுப்பு. பொறுங்க."

ஓர் ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி கிளம்பியது. சுருங்கியது. மறைந்தது.

"செத்துப்போச்சே."

"அதுதான் கலகத்தோட விதை. பலதும் சாகும்."

"அடுத்தது எங்க வரும்?"

"சொல்ல முடியாது. சும்மா ஒரு நடுக்கம். எங்கயும் வரலாம், எப்பவும் வரலாம்."

காத்திருந்தார்கள். டீச்சர் கொடுத்த தேநீர் ஆறிப்போயிற்று. நடுவுக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு புள்ளி கிளம்பியது. இது சாகவில்லை. கொதிக்கும் விளிம்போடு அகன்றுகொண்டே போனது.

மாடக்கண்ணு திரையில் விரலை ஊன்றினார். "இது நான்."

"சரி. விரலை எடுக்காதீங்க."

கறுப்பு அவர் விரலைத் தாண்டியது. உள்ளங்கையைத் தாண்டியது. நாலு மூலையும் கொந்தளித்தது.

"இப்ப உங்களைக் காட்டுங்க அண்ணாச்சி."

அவர் விரலை எடுத்துப் பார்த்தார். அடியில் இருந்த இடம் மற்ற இடங்களைப் போலவே கொந்தளித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளித் தேடினார். மறுபடி பழைய இடத்துக்கே வந்தார்.

"இங்கதானே இருந்துச்சு. எங்க போச்சு டீச்சர்?"

"அது இல்லாத இடம் ஒண்ணைக் காட்டுங்க."

அவர் திரையின் நாலு மூலையையும் கண்ணால் துழாவினார். பிறகு நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து உதறி, தன் தோளில் தானே போட்டுக்கொண்டு, மில் இருக்கும் பக்கம் நடந்தார்.